நாலு பேர் நடுவிலா, தனி அறையிலா? சுயமோகத்துக்கு எந்தத் தெரபி

"எனக்கு நார்சிசிசம் இருக்கிறது, சரிசெய்யுங்கள்" என்று யாரும் தெரபிக்கு வருவதில்லை. மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று வருவார்கள். தனக்கு வர வேண்டிய பதவி நேற்று வந்தவனுக்குப் போய்விட்டது, அன்றிலிருந்து தூக்கமில்லை என்று வருவார்கள். ஐம்பது வயதில் திடீரென்று எதிலும் பிடிப்பில்லை என்று வருவார்கள். நாலைந்து அமர்வுகள் போன பிறகுதான் மனச்சோர்வுக்கு அடியில் வேறொன்று கிடப்பது சிகிச்சையாளருக்குத் தட்டுப்படும். வந்தவர் சொல்லும் கதைகளில் மற்றவர்கள் எல்லாம் ஒன்று ரசிகர்கள், இல்லாவிட்டால் துரோகிகள். சும்மா ஒரு மனிதராக யாரும் தலைகாட்டுவதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிகிச்சையாளரிடம் தனியாகவே தொடர்வதா, குழு சிகிச்சைக்குப் போவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா? முடிவெடுப்பவர் அவராகவும் இருக்கலாம், அனுப்பிவைக்கும் மருத்துவராகவும் இருக்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதிலும் தனி அறை முதலில், குழு பிறகு. ஏன் என்று சொல்ல, மற்ற இரண்டு வழிகளின் பலத்தையும் ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும்.

சுயமோகம், அதாவது நார்சிசிசம், என்ற சொல்லை இன்று வசவாகத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். பிடிக்காத மேலதிகாரி, விட்டுப்போன காதலன், ஓயாமல் செல்ஃபி போடும் உறவுக்காரர் எல்லாரும் நார்சிசிஸ்ட்தான். இங்கே பேசுவது அவர்களைப் பற்றி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில், 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இது ஓர் ஆளுமைக் கோளாறு. இப்போதைய பதிப்பு ஒன்பது அடையாளங்களைச் சொல்லி, குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரே கிடையாது. அங்கே கோளாறு எவ்வளவு கடுமையானது, எந்தக் குணங்கள் தூக்கலாக இருக்கின்றன என்றுதான் பார்க்கிறார்கள். (பழைய பெயர்களில் எல்லைநிலை மட்டும், அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஆடும் 'பார்டர்லைன்' கோளாறு, ஒரு துணைக்குறிப்பாகத் தப்பிப் பிழைத்தது.)

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பட்டியல்களைவிட எனக்கு உதவியாகத் தெரிவது 1987-ல் ஹெர்பர்ட் ரோஸன்ஃபெல்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் சொன்ன ஒரு பிரிவு: தடித்த தோல், மெல்லிய தோல். தடித்த தோல்காரர் கூட்டத்தில் சத்தமாகப் பேசுவார், பிறர் முகம் சுளிப்பது அவர் கண்ணில் படாது. மெல்லிய தோல்காரர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் கவனிப்பார். யார் தன்னை மட்டம் தட்டினார்கள் என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பார். இவரை எல்லாரும் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே ஆள் காலையில் அப்படியும் மாலையில் இப்படியும் இருப்பது சகஜம். இருவருக்கும் பொதுவானது ஒன்று: தன் மதிப்பை அடுத்தவர் கண்ணிலிருந்து தினமும் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறார்கள். கடன் கிடைக்காத நாளில் அவமானம் வந்து வாசலில் நிற்கும். அன்று ஒருவர் கோபப்படுவார், ஒருவர் காணாமல் போவார், ஒருவர் எல்லாரையும் முட்டாள்கள் என்பார்.

ஆகவே எந்தத் தெரபியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவமானப்பட்ட நாளில் இந்த ஆள் எங்கே போவார்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கோளாறுக்கென்றே தனி வழியையும் குழுவையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய சோதனை எதையும் காட்ட முடியாது. நெதர்லாந்தில் 323 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஸ்கீமா தெரபி (சிறுவயதில் பதிந்துபோன எண்ண வார்ப்புகளை மாற்றப் பார்க்கும் சிகிச்சை) சோதனை ஒன்றில் சுயமோகக் கோளாறு உள்ளவர்களையும் சேர்த்தார்கள், ஸ்கீமா தெரபி நன்றாகவே வந்தது. ஆனால் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தயக்கமும் பயமும் சார்ந்த வேறு கோளாறுகள் உள்ளவர்கள். சுயமோகக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் அவ்வளவு எளிதில் சோதனைக்கு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. இந்த 'நிற்பதில்லை' என்பதுதான் நம் தலைப்பின் நடுமையம். சிகிச்சையைப் பாதியில் விடுவது இவர்களிடம் அதிகம் என்பது சிகிச்சையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. எது சிறந்த சிகிச்சை என்று யோசிப்பதற்கு முன், எதில் இவர் ஓராண்டு தாங்குவார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, தனி அறைக்கு வருவோம்.

இங்கே இரண்டு சிந்தனைப் பள்ளிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் தொடங்கியவர்கள் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர்கள் என்பது ஒரு வேடிக்கை. ஹைன்ஸ் கோஹுட் 1971-ல் எழுதியதன் சாரம்: குழந்தையாக இருந்தபோது இவரைப் பார்த்து முகம் மலர்ந்த கண்கள் போதுமான அளவு இல்லை, ஆகவே சிகிச்சையாளர் சில காலம் அந்தக் கண்ணாடியாக இருக்கட்டும். தவறிப்போய்ப் புண்படுத்தும்போது அதை ஒப்புக்கொண்டு பேசட்டும். அப்படிச் சின்னச் சின்ன ஏமாற்றங்களைத் தாங்கித் தாங்கித்தான் உள்ளே ஒரு தெம்பு வளரும். ஓட்டோ கெர்ன்பெர்க் 1975-ல் வேறு மாதிரி சொன்னார்: அந்தப் பெருமை ஒரு கவசம், உள்ளே பொறாமையும் ஆத்திரமும் இருக்கின்றன, அவை சிகிச்சையாளர் மேல் பாயும்போது பெயர் சொல்லிப் பேசாவிட்டால் வருடக்கணக்கில் உட்கார்ந்தும் ஒன்றும் நகராது. என்னைக் கேட்டால், மெல்லிய தோலுக்கு முதல் வருடம் கோஹுட், தடித்த தோலுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே கெர்ன்பெர்க். இதைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்காரர்களும் கோபித்துக்கொள்வார்கள்.

தனி அறையின் பலம் வெளிப்படை. அங்கே அவமானத்துக்குச் சாட்சி ஒரே ஒருவர்தான். உடைந்து அழுதால் இன்னொருவர் பார்க்கப்போவதில்லை. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வெளியே என்ன நடக்கிறது என்பது அவர் சொல்லித்தான் சிகிச்சையாளருக்குத் தெரியும், அவர் சொல்லும் கதையில் அவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர். "அவள் காரணமே இல்லாமல் கத்தினாள்" என்றால், கத்துவதற்கு முன் இவர் என்ன சொன்னார் என்பதை யாரிடம் கேட்பது? அதோடு, கெட்டிக்காரரான ஒருவர் கெட்டிக்காரரான இன்னொருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தால் அது மெல்ல ஒரு பரஸ்பரப் பாராட்டு சங்கமாகிவிடும். இருவருக்கும் அது பிடிக்கும். மனைவிக்கு மட்டும் வித்தியாசம் ஒன்றும் தெரியாது.

இப்போது குழு. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் தன் குழு சிகிச்சை நூலில் 1970-லிருந்து பல பதிப்புகளில் வலியுறுத்திய கருத்து ஒன்று இங்கே அடிப்படை. ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் வெளியே எப்படி வாழ்கிறாரோ அப்படியே கொஞ்ச நாளில் உள்ளேயும் வாழ ஆரம்பித்துவிடுவார். தன் பிரச்சினையை அவர் விவரிக்க வேண்டியதில்லை, நடத்திக் காட்டிவிடுவார். சுயமோகத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். தன் முகம் எப்படியிருக்கிறது என்பது தெரியாமலிருப்பதே அந்தக் கோளாறில் பாதி.

பல குழுக்களில் நடப்பதைச் சேர்த்துக் கட்டிய ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆறாவது வாரம். ஒரு பெண் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி முதல்முறையாகப் பேசுகிறாள். பாதியில் குரல் உடைகிறது. எதிரே இருப்பவர், ஒரு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர், முன்னால் சாய்ந்து, "இதை நீங்கள் மூன்று விதமாக அணுகலாம்" என்று தொடங்குகிறார். தெளிவாக, நல்ல குரலில் பேசுகிறார். சொல்வதில் தவறும் இல்லை. இரண்டாவது விதத்தைச் சொல்லும்போது அறை அமைதியாகிவிட்டதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு மூன்றாவதையும் சொல்லி முடிக்கிறார். அப்புறம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞன், இதுவரை வாயே திறக்காதவன், "அவங்க அழுதுட்டிருந்தாங்க சார்" என்கிறான். அவ்வளவுதான்.

தனி அறையில் ஒரு சிகிச்சையாளர் ஆறு மாதம் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. சிகிச்சையாளர் சொன்னால், "அவருக்கு அதுதான் தொழில், ஏதாவது குறை சொல்லியாக வேண்டும்" என்று தள்ளிவிடலாம். இந்த இளைஞனுக்கு எந்த ஆதாயமும் இல்லை. அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழுவின் மருந்து இதுதான். சமமானவர்களின் வாயிலிருந்து, நடந்த நிமிடத்திலேயே வருகிறது. வேறு சில நன்மைகளும் உண்டு: அடுத்தவர் முறைக்காகக் காத்திருக்கப் பழகுவது, தன் உதவி உண்மையிலேயே ஒருவருக்குப் பயன்பட்டதைப் பார்ப்பது, தன்னைப் போலவே இன்னொருவரும் உள்ளுக்குள் நடுங்குகிறார் என்று தெரிந்துகொள்வது. கடைசியில் சொன்னது மெல்லிய தோல்காரர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் அந்தக் காட்சி அங்கே முடியவில்லை. நம்மவர் சிரித்துக்கொண்டே "சாரி" என்கிறார். மீதி முக்கால் மணி நேரமும் பேசவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல்: வேலைப் பளு, குழுவின் தரமும் தனக்கு ஒத்துவரவில்லை.

குழு மட்டும் என்ற வழியின் பலவீனம் இந்த மின்னஞ்சலில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் நாலு மடங்கு. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேச வேறு இடமில்லை. பேச வேண்டிய இடமே அவமானம் நடந்த இடம். குழுப் பகுப்பாய்வை வளர்த்த ஃபோக்ஸ், குழுவில் ஒருவர் மற்றவருக்குக் கண்ணாடியாவதைச் சிகிச்சையின் சக்தியாகவே பார்த்தார். அதே மரபில் வந்த லூயி ஸிங்கின் 1983-ல் அதன் மறுபக்கத்தை எழுதினார்: கண்ணாடியில் தெரிவது தாங்க முடியாததாக இருக்கும்போது இருவர் ஒருவரையொருவர் வெறுத்துச் சிக்கிக்கொள்ளும் கொடிய பிரதிபலிப்பு. இந்தக் கோளாறுக்குப் பெயர் தந்த, நீரில் தன் முகத்தைக் கண்டு மயங்கிய கிரேக்கப் புராண நார்சிஸஸின் கதையிலேயே பாருங்கள், கண்ணாடி அவனைக் குணப்படுத்தவில்லை.

இன்னும் சில தொல்லைகள் உண்டு. வெளியேறாமல் தங்கிவிடும் தடித்த தோல்காரர் துணைச் சிகிச்சையாளர் வேலையை எடுத்துக்கொள்வார். எல்லாருக்கும் ஆலோசனை, தனக்கு எதுவும் வேண்டாம். குழுவும் முதலில் அதை விரும்பும், ஏனென்றால் அவர் பேசினால் மற்றவர்கள் பேச வேண்டியதில்லை. மூன்றாவது மாதம் அதே குழு அவரைப் பலியாடாக்கும்; எல்லாருடைய கோபத்துக்கும் அவர் ஒருவரே முகவரி. இரண்டையும் தடுக்கத் தெரிந்த சிகிச்சையாளர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அவருக்கும் கேடு, மற்ற ஆறு பேருக்கும் கேடு. அந்த ஆறு பேரும் தங்கள் நோய்க்காக வந்தவர்கள், இவருக்கு மருந்தாவதற்கு இல்லை என்பதை அனுப்பிவைப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஒரு குழுவில் இப்படி ஒருவர் போதும்; தேர்ந்த நடத்துநர் என்றால் இரண்டு பேர். எல்லாருமே சுயமோகக்காரர்களாக இருக்கும் குழு காகிதத்தில் அழகாகத் தெரியும், ஆனால் பேச ஏழு பேர், கேட்க ஆளில்லை. பிறரை ஏமாற்றிச் சுரண்டுவதில் கூச்சமே இல்லாதவர்களையும், வன்முறை வரலாறு உள்ளவர்களையும் இத்தகைய குழுவில் சேர்க்கவே கூடாது. குழுவில் கேட்ட ரகசியங்கள் அவர்கள் கையில் ஆயுதம்.

மூன்றாவது வழி, இரண்டும் சேர்ந்தது. அந்த இளைஞனின் ஒரு வரிக்குப் பிறகு, மூன்று நாள் கழித்துத் தனி அமர்வு ஒன்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் முதல் இருபது நிமிடம் குழுவைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பையன் சொன்னபோது உடம்பில் எங்கே உறைத்தது?" என்று கேட்டிருப்பார். நெஞ்சிலோ காதிலோ சூடு ஏறியதைச் சொல்லியிருப்பார். அப்பா முன்னால் தப்பாகப் பதில் சொன்ன ஒரு நாள் நினைவுக்கு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். முக்கியமானது, அடுத்த வாரம் குழுவுக்குப் போக ஒரு காரணமும் கொஞ்சம் தெம்பும் கிடைத்திருக்கும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. எல்லைநிலைக் கோளாறுக்காக பேட்மனும் ஃபோனகியும் உருவாக்கிய சிகிச்சை முறையில் வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு அமர்வு என்று பதினெட்டு மாதம் இரண்டும் கூடவே போகும். 2022-ல் வெளிவந்த ஸ்கீமா தெரபி சோதனை இன்னும் நேரடியானது. ஐந்து நாடுகளில் 495 பேர். பெரும்பாலும் குழு என்ற வழியையும், தனியும் குழுவும் சேர்ந்த வழியையும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். சேர்ந்த வழி மற்ற இரண்டையும் முந்தியது. அதில் சேர்ந்தவர்கள் பாதியில் விடுவதும் குறைவு. பெரும்பாலும் குழு என்ற வழி, வழக்கமான சிகிச்சையைக் குறிப்பிடத்தக்க அளவு மிஞ்சவில்லை. அதுவும் எல்லைநிலைக் கோளாறுதான், நம்முடையது இல்லை. ஆனால் அவமானமும் கைவிடப்படும் பயமும் ஆளை வெளியே துரத்தும் இடத்தில் எது பிடித்து நிறுத்துகிறது என்ற கேள்விக்கு நமக்குக் கிடைத்திருப்பதில் அதுதான் பக்கத்துப் பதில்.

இரண்டுக்கும் ஒரே சிகிச்சையாளரா, இருவரா? இதில் நான் பல தடவை மனம் மாறியிருக்கிறேன். ஒருவரே என்றால் அவர் குழுவில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார், கதை மாற்றிச் சொல்ல முடியாது. தனி அறையில் தனக்கே சொந்தம் என்று நினைத்த ஆள் குழுவில் இன்னும் ஆறு பேரைக் கவனிப்பதைப் பார்க்கும் பொறாமையும் வெளியே வரும். அது வர வேண்டியதுதான். ஆனால் மிகவும் மெல்லிய தோலுக்கு அந்தப் பொறாமை தாங்காது. இருவர் என்றால் மூச்சுவிட இடம் கிடைக்கும், கூடவே "அந்த டாக்டருக்குத்தான் என்னைப் புரிகிறது, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்ற விளையாட்டும் தொடங்கும். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் அந்த விளையாட்டு இரண்டு வாரத்தில் செத்துவிடும். அனுமதி இல்லாவிட்டால் இருவரிடம் போவதைவிட ஒருவரிடம் மட்டும் போவது மேல்.

வரிசைக்கு வருவோம். மெல்லிய தோல்காரர் ஆறு மாதமோ ஒரு வருடமோ தனி அறையில் இருக்கட்டும். சிகிச்சையாளர் ஒருமுறையாவது அவரைப் புண்படுத்தி, இருவரும் அதைப் பேசித் தீர்த்து, அவர் அடுத்த வாரமும் வந்திருந்தால் குழுவுக்குத் தயார். வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தடித்த தோல்காரருக்கு இவ்வளவு காத்திருக்கக் கூடாது, பாராட்டு சங்கம் உருவாகிவிடும். இரண்டு மூன்று மாதத்தில் குழுவையும் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே சில வருடம் தனித் தெரபியில் இருந்து, தன்னைப் பற்றி அழகாகப் பேசக் கற்றுக்கொண்டு, வீட்டில் மட்டும் ஒன்றும் மாறாதவருக்குக் குழு நாளைக்கே வேண்டும். அண்மையில் பெரிய சரிவைச் சந்தித்தவர் — வேலை போனவர், ஊரறிய அவமானப்பட்டவர் — குழுவுக்கு இப்போது வேண்டாம். பெருமை உடையும் நேரத்தில் இவர்களுக்குத் தற்கொலை அபாயம் உண்டு, வெளியே மனச்சோர்வு பெரிதாகத் தெரியாதபோதும்கூட. அதைத் தனியாக, நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. இந்தக் கோளாறுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தரலாம். தம்பதியர் தெரபி, மனைவி சொல்வதையும் கேட்க ஒரு வாய்ப்பு; ஆனால் வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் கூடாது. திறன் பயிற்சிக் குழுக்கள் வகுப்பு மாதிரி நடக்கும், அவமானம் குறைவு, ஆழமும் குறைவு. குழு என்றாலே பயப்படுபவருக்கு அதை முதல் படியாக வைக்கலாம். வார இறுதி இரண்டு நாளில் "முகமூடியைக் கழற்றுகிறோம்" என்று விளம்பரம் செய்யும் முகாம்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கழற்றிவிட்டுத் திங்கட்கிழமை அவர்கள் போய்விடுவார்கள்.

செலவுக் கணக்கில் குழுதான் பொதுவாக மலிவு, சேர்ந்த வழிதான் எல்லாவற்றிலும் அதிகம். இரண்டும் கட்டுப்படியாகாது என்றால் குழுவை வாராவாரம் வைத்துக்கொண்டு தனி அமர்வை மாதம் இரண்டாகக் குறைக்கலாம். தனி அமர்வை முழுதாக வெட்டுவதைவிட அது பலமடங்கு நல்லது.

குழுவில் சேரும் முன் நடத்துநரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. சேருவதற்கு முன் தனியாக எத்தனை முறை சந்திப்பீர்கள்? ஒருமுறைகூட இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். ஒருவர் விலக நினைத்தால் என்ன விதி? நல்ல குழுக்களில், விலகும் முன் இன்னும் சில அமர்வுகளுக்கு வந்து காரணத்தைப் பேச வேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வைப்பார்கள். அந்த மின்னஞ்சல்காரரைப் போன்றவர்களுக்காகவே இருக்கும் விதி அது. "முதல் இரண்டு மாதத்தில் ஒரு நாள் உங்களுக்கு இங்கே வரவே பிடிக்காமல் போகும், அந்த நாளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசப்போகிறோம்" என்று சேரும் முன்பே சொல்லும் நடத்துநர் கிடைத்தால் விடாதீர்கள். அவமானம் வரும் என்று முன்பே சொல்லிவைத்தால், வரும்போது அது அவருடைய தோல்வியாகத் தெரியாது. சொன்னபடி வந்த ஒன்றாகத் தெரியும்.

குழுவில் சேர்ந்தவர் முதல் அமர்வு முடிந்து வீட்டுக்கு வந்து, "எல்லாரும் சராசரி ஆட்கள், எனக்கு அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை" என்று சொன்னால், குழுவை மாற்ற அவசரப்பட வேண்டாம். அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து, குழுவில் யாராவது ஒருவருக்கு அந்த வாரம் என்ன ஆயிற்று என்று அவருக்கு நினைவிருக்கிறதா என்று பாருங்கள். "அந்தப் பையனுக்கு நேற்று இன்டர்வியூ, என்ன ஆச்சோ தெரியவில்லை" என்று எதேச்சையாகச் சொன்னால் தொடரலாம். ஒருவர் பெயர்கூடத் தெரியவில்லை என்றால், அடுத்த தனி அமர்வில் பேச விஷயம் கிடைத்துவிட்டது.